இந்திராவின் குடமும் நம் கலைச்சொற்களும்

கதையைப் பற்றிப் பேசக் கலைச்சொல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படித்தோம், மனசைத் தொட்டது, அது போதாதா? போதாது என்பதே என் கட்சி. ‘மனசைத் தொட்டது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்தவர் ‘என்னைத் தொடவில்லை’ என்றுதான் சொல்ல முடியும். பேச்சு அத்தோடு நின்றுபோகிறது. நல்ல கலைச்சொல் ஒன்று கையில் இருந்தால் இருவரும் கதையின் ஒரே இடத்தில் விரல் வைத்து வாதாடலாம்.

ஆனால் எல்லாக் கலைச்சொல்லும் அந்த வேலையைச் செய்வதில்லை. சில சொற்கள் நம்மைக் கதைக்குள் திருப்பி அனுப்புகின்றன. சில சொற்கள் கதையை மூடிக் கட்டி அலமாரியில் வைத்துவிடுகின்றன. பள்ளியில், கல்லூரியில், வாசகர் வட்டங்களில் நாம் அன்றாடம் புழங்கும் சொற்களை இந்த ஒரே அளவுகோலால் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்: அந்தச் சொல்லோடு கதைக்குத் திரும்பினால், முதல் வாசிப்பில் கண்ணில் படாத ஒன்று இப்போது படுகிறதா?

சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் கதை கந்தர்வனின் ‘தண்ணீர்’. கந்தர்வன் (1944–2004) இராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல் கிராமத்தில் பிறந்தவர். இயற்பெயர் நாகலிங்கம். அரசின் கருவூலக் கணக்குத் துறையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்தில் நின்றவர். ‘சாசனம்’, ‘ஒவ்வொரு கல்லாய்’, ‘கொம்பன்’ ஆகியவை அவருடைய சிறுகதைத் தொகுப்புகள். ‘தண்ணீர்’ ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றதால் இன்றைக்குப் பல்லாயிரம் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த கதைகளில் இவ்வளவு பேர் படித்தது வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

கதை இதுதான். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர். பாசஞ்சர் ரயில் கூவினால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். ரயில் நிற்கும் சற்று நேரத்தில் பெட்டிக்குள் ஏறி, முகம் கழுவும் தொட்டியின் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். ஒருநாள் இந்திரா இறங்குவதற்குள் ரயில் நகர்ந்துவிடுகிறது. ஊர் பதறுகிறது. தேடிப் போகிறார்கள், காணவில்லை. தாய் அழுது புலம்பித் தண்டவாளத்தின் பக்கம் ஓடுகிறாள். அங்கே இந்திரா இடுப்பில் நிறைகுடத்தோடு நடந்து வந்துகொண்டிருக்கிறாள். தாயிடம் அவள் சொல்லும் பதில், மறுநாள் வரைக்கும் குடிக்க வேண்டுமே என்பதுதான்.

முதலில் கதைப்பின்னல். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைச் சொல்வது வெறும் கதை, ஒன்றால் ஒன்று நடப்பதைச் சொல்வது பின்னல் என்று இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் பிரித்துக் காட்டினார். கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாகச் சொன்னது, இன்றும் வகுப்பறையில் உதவுகிறது. மேலே நான் எழுதிய சுருக்கத்தில் ‘பிறகு, பிறகு’தான் இருக்கிறது. பின்னல் என்ற சொல்லோடு திரும்பிப் பார்த்தால் ‘ஏன்’ வரிசை தெரிகிறது. இந்திரா ரயிலோடு போனது கால் இடறிய விபத்தன்று. நிலத்தடி நீர் உப்பானது, ஊருக்கு வேறு வழி இல்லாதது, ரயில் நிற்கும் நேரம் குடம் நிறையும் நேரத்தைவிடக் குறைவானது என்று மூன்று காரணங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவள் இறங்கியிருக்கலாம், அரைக்குடத்தோடு. இறங்கவில்லை. இதைக் காட்டித் தருவதால் பின்னல் என்ற சொல் தேறுகிறது.

அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘தொடக்கம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு’ என்ற ஏணிப்படி தேறவில்லை. அது ஜெர்மானியரான குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகத்துக்காகப் போட்ட கோபுரம். சிறுகதைக்காக எழுப்பியதன்று. அதன்படி பார்த்தால் ரயில் நகர்வதோ தாய் தண்டவாளத்தை நோக்கி ஓடுவதோதான் உச்சம், கடைசியில் தாயும் மகளும் பேசும் இரண்டு வாக்கியம் வெறும் முடிவு. உண்மையில் கதையின் பாரம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில்தான் இறங்குகிறது. கோபுரத்தை வரையச் சொன்னால் மாணவன் அந்த இடத்தைக் கீழே தள்ளிவிட்டு மேலே போய்விடுகிறான்.

பாத்திரப் படைப்பைப் பற்றியும் ஃபார்ஸ்டர் ஒரு பிரிவினை தந்தார்: தட்டையான பாத்திரம், முழுமையான பாத்திரம். மாறாதவர் தட்டை, நம்மை வியக்க வைக்கக் கூடியவர் முழுமை. இதைக் கறாராகப் போட்டால் இந்திரா தட்டை. தண்ணீருக்குப் போனாள், தண்ணீரோடு வந்தாள், மனத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் இந்தக் கதையில் நம்மை உலுக்குவதே அவள் மாறாததுதான். பெற்றவள் செத்துப் பிழைத்திருக்கிறாள், ஊரே திரண்டு நிற்கிறது, அவள் கவலை மறுநாள் வரைக்கும் குடிக்க என்ன செய்வது என்பது. மாற்றத்தை மேன்மையாகக் கருதும் அளவுகோல், மாற வசதியில்லாதவர்களைக் குறைபட்ட மனிதர்களாகக் காட்டுகிறது. நீண்ட நாவலுக்கு இந்தப் பிரிவினை ஓரளவு உதவலாம். பஞ்சத்து ஊரின் சிறுகதைக்கு உதவாது.

இனி வகுப்பறையில் அதிகம் புழங்கும் சொல்: மையக்கருத்து. கதை உணர்த்தும் கருத்து யாது? பாடநூலில் இந்தக் கதை நீரைப் பற்றிய பாடங்களோடு சேர்ந்து இருப்பதால் விடை தயாராக இருக்கிறது: தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். இந்த விடையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. கதையில் தண்ணீரை வீணாக்கியவர் யார்? ஒருவருமில்லை. ஒரு சொட்டையும் வீணாக்காத பெண்ணைக் காட்டுகிற கதையிலிருந்து சிக்கனப் பாடம் எடுப்பது, பட்டினி கிடப்பவனைச் சாட்சிக்கு நிறுத்தி அளவாகச் சாப்பிடுங்கள் என்று உபதேசம் செய்வதாகும். மையக்கருத்து என்ற சொல் கதைக்கு வெளியே தயாராக நிற்கும் வாக்கியத்தைக் கதைக்குள் கொண்டுவந்து இறக்குகிறது. கதையிலிருந்து எதையும் எடுத்துவருவதில்லை. என் அளவுகோலில் இது முழுத் தோல்வி.

குறியீடு அதற்கு அடுத்த தோல்வி, இந்தக் கதையைப் பொறுத்த வரையில். ‘தண்ணீர் வாழ்வின் குறியீடு’ என்று எழுதிய மறுகணம் குடத்தின் கனம் மறைந்துவிடுகிறது. ஒரு குடம் பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கும். அத்தனை கிலோவை ஒரு பக்க இடுப்பில் ஏற்றி, ஒரு கையால் கழுத்தைப் பிடித்து, சரளைக்கல் சரியும் ரயில் பாதையில் சிந்தாமல் நடக்க வேண்டும். ஸ்லீப்பர் கட்டைகளின் இடைவெளி மனித நடைக்குச் சரிப்படுவதில்லை. கட்டை மேல் கால் வைத்தால் எட்டு குறுகும், ஒன்றைத் தாண்டி வைத்தால் எட்டு நீளும், எப்படியும் குடம் தளும்பும். கதாசிரியர் இதை விளக்குவதில்லை. நிறைகுடத்தோடு அவளை வர வைக்கிறார், அவ்வளவுதான். அந்த உடம்புப் பாட்டை வாசகர் உணர வேண்டுமானால் குடம் குடமாகவே இருக்க வேண்டும்.

மண்மணம், வட்டார இலக்கியம் என்ற சொற்களுக்கு நீண்ட விசாரணை தேவையில்லை. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து தூரத்திலிருந்து முகரும் சொற்கள் அவை. கந்தர்வனைக் கரிசல் எழுத்தாளர்களின் வரிசையில் ஓர் ஓரத்தில் உட்கார வைக்க உதவுமே தவிர, அவருடைய ஒரு வாக்கியத்தையும் விளக்காது. தீங்கும் உண்டு. அரசு அலுவலகங்களில் பிடிக்காத ஊழியரைத் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு’ மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவார்கள். இராமநாதபுரத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு மாவட்டத்தின் மேல் ஒட்டிய அந்த முத்திரையை, பாராட்டும் தொனியில் மறுபடி ஒட்டுவதாகவே மண்மணம் முடிகிறது. அரசு ஊழியராக வாழ்ந்த கந்தர்வனுக்கு அந்த மிரட்டல் பேச்சு காதில் விழாமல் இருந்திருக்காது. அவர் காட்டுவது அந்தக் காட்டுக்குத் தண்டனையாக மாற்றப்பட்டு வந்தவர்களை அல்ல, அங்கேயே பிறந்து வாழ்கிறவர்களை.

நோக்குநிலைக்கு வருவோம். யார் கண்ணால் பார்க்கிறோம், கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்று கேட்கும் சொல். ஹென்றி ஜேம்ஸ் தம் முன்னுரைகளில் வளர்த்தெடுத்த சிந்தனை, பெர்சி லப்பக் 1921இல் அதைக் கோட்பாடாக்கினார். தமிழுக்கு அது பிறகு வந்தது. ‘தண்ணீர்’ கதையில் இந்தச் சொல்லைப் போட்டதும் திறந்துகொள்ளும் வாசல் பெரியது. கதைசொல்லி படர்க்கையில் நின்று தொடக்கத்தில் இந்திராவோடு ஓடுகிறார். அவளோடு ரயிலை எட்டுகிறார். ரயில் புறப்பட்டதும் கதைசொல்லி ஊரிலேயே தங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு இந்திராவைப் பற்றி ஊருக்கு என்ன தெரியுமோ அதுதான் நமக்கும் தெரியும்.

மாற்றி யோசித்துப் பார்க்கலாம். கதைசொல்லி ரயிலிலேயே போயிருந்தால்? ஓடும் பெட்டியில் தனியாக ஒரு பெண், பயணிகளின் பார்வை, டிக்கெட் பரிசோதகர், அடுத்த ஸ்டேஷன் என்று ஒரு சாகசக் கதை கிடைத்திருக்கும். வாசகர் அவள் தப்பிப்பாளா என்று பதறியிருப்பார், அவள் குடத்தை மறந்திருப்பார். கதைசொல்லி தாயின் பக்கத்தில் நின்றதால் நாம் தாயைப்போலவே பெண்ணை மட்டும் எண்ணித் தவிக்கிறோம். குடத்தை நாமும் மறந்துவிடுகிறோம். கடைசியில் குடத்தோடு அவள் தெரியும்போதுதான், அவள் ஒருத்தி மட்டும் அதை மறக்கவில்லை என்பது உறைக்கிறது. இந்த அதிர்ச்சியைக் கட்டியது நிற்கும் இடத்தைத் தேர்ந்த திறமை. மொழி அலங்காரமோ திருப்பமோ காரணம் அல்ல. நோக்குநிலை என்ற சொல் இல்லாமல் இதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இதுவரை எடைபோட்டவை பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்தவை. நம்மிடம் இருந்தவை என்ன ஆயின? இந்தக் கேள்வியை இராமநாதபுரத்தில் நின்று கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் சேதுபதி மரபோடு உறவுடையவர். ‘செந்தமிழ்’ இதழை நடத்திய ரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் சேது சமஸ்தானத்தின் ஆதரவில் இருந்த புலவர்கள். பின்னவர் தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு ஆராய்ச்சி நூலே எழுதினார். தொல்காப்பியப் படிப்பு தழைத்த சீமை இது. இதே சீமையின் சிறுகதையைப் பேசும்போது அந்த நூலின் ஒரு சொல்லும் நம் வாயில் வருவதில்லை.

தொல்காப்பியர் செய்யுளியலில் 34 உறுப்புகளை எண்ணுகிறார். அசை, சீர், அடி போன்றவை யாப்புக்குரியவை. கதைக்கு அவற்றால் பயனில்லை. ஆனால் அதே பட்டியலில் திணை, கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவையும் இருக்கின்றன. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்போது, என்ன உணர்வோடு, எதைச் சொல்லாமல் விட்டு? ஒரு சிறுகதைப் பட்டறையில் கேட்கத் தகுந்த கேள்விகள் இவை. நோக்கு என்ற உறுப்பை விளக்கவந்த உரையாசிரியர் பேராசிரியர் அகநானூற்றின் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு சொல் சொல்லாக நிறுத்திக் காட்டுகிறார். நெருங்கி வாசிக்கும் முறை அது. மேற்கத்தியப் புதுத் திறனாய்வைப் படித்துவிட்டு வந்து அதை நாம் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது வருத்தத்துக்குரியது.

பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இவற்றையும் அதே அளவுகோலில்தான் வைக்க வேண்டும்.

திணையின் கூறுகளில் முதற்பொருளும் கருப்பொருளும் நன்றாகத் தேறுகின்றன. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கரு. ‘தண்ணீர்’ கதைக்கு இந்தப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். உணவு என்ற இடத்தில் தண்ணீரே நிற்கிறது. தொழில் என்ற இடத்தில் பெண்களின் தண்ணீர் சுமத்தல். பறை என்ற இடத்தில் என்ன? ரயிலின் கூவல். ஊரை எழுப்பி ஓட வைக்கும் ஓசை அதுதான். அந்தந்த நிலத்து மக்களின் தொழிலோடு ஒட்டி ஒலிக்கும் கருவியைப் பறை என்று வகுத்தார்கள். இந்த நிலத்தில் அந்த ஒலி ரயில்வே அட்டவணைப்படி வருகிறது, யாருக்காகவோ ஓடும் வண்டியிலிருந்து வருகிறது. சிறுபொழுதும் அப்படித்தான்: காலை, நண்பகல், மாலை என்பதைவிட ரயில் வரும் நேரம், வராத நேரம் என்றே அந்த ஊரின் நாள் பிரிகிறது. ‘பின்புலம்’ என்ற வழக்கமான சொல் இதைத் தந்திருக்காது. பின்புலம் என்றதும் பின்னால் தொங்கும் திரைச்சீலைதான் நினைவுக்கு வருகிறது. கருப்பொருள் என்றதும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது இந்த வாழ்க்கையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கிறோம்.

இந்தச் சொற்கள் பழைய பட்டியலோடு உறைந்துவிட்டவை என்று சொல்வோருக்கு இராமேஸ்வரம் தீவைக் காட்டுவேன். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பொழுதை வாடை, கச்சான் என்று காற்றை வைத்துப் பிரித்தவர்கள் மீனவர்கள். இன்றைக்கு அதோடு இன்னொரு பெரும்பொழுது சேர்ந்திருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இளவேனில், முதுவேனிலைப்போல ஆண்டுதோறும் வருகிறது. அதற்குள் கடன் ஏறுகிறது, வலை பழுது பார்க்கப்படுகிறது, விசைப்படகு மராமத்துக்குக் கரையேறுகிறது, கல்யாணங்கள் நிச்சயமாகின்றன அல்லது தள்ளிப்போகின்றன. இந்தக் கரையைப் பற்றி எழுதும் கதைக்காரர் அதை முதற்பொருளாகவே எடுத்தாள வேண்டும். கருப்பொருளில் மீன்துறை டோக்கனும் ஐஸ் பெட்டியும் டீசலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பட்டியல் விரிகிறது, முறை நிற்கிறது.

திணையின் மூன்றாவது கூறான உரிப்பொருளில்தான் எனக்குக் கடுமையான மறுப்பு இருக்கிறது. நெய்தலுக்கு இரங்கல் உரியது, பாலைக்குப் பிரிவு உரியது என்று வகுத்தது அகப்பாட்டுக்கு அழகு. அதை இன்றைய கதைக்கு அப்படியே போட்டால் என்ன ஆகும்? கச்சத்தீவுப் பக்கம் போன படகு திரும்பவில்லை, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது, மனைவி கரையில் நிற்கிறாள் என்று ஒரு கதை எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘நெய்தல், இரங்கல்’ என்று வகைப்படுத்திய உடனே, அவள் காத்திருப்பு கடலின் இயல்பாகிவிடுகிறது. 1974இல் இரண்டு அரசுகள் செய்த ஒப்பந்தமும், மீன் குறைந்த கடலும், விசைப்படகுப் பெருக்கமும், எல்லைக்கோடும் மறைந்துபோகின்றன. மனிதர்கள் செய்ததை நிலம் செய்ததாகக் காட்டுவது திறனாய்வுக்கு அடுக்காது.

‘தண்ணீர்’ கதையைப் பாலை என்று சொல்வதும் அதே பிழை. இராமநாதபுரம் பிறவியிலேயே பாலையன்று. கண்மாய்களால் நெல் விளைந்த நாடு, ஆர். எஸ். மங்கலத்தில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய கண்மாய்களில் ஒன்றை வைத்திருக்கும் நாடு. வண்டல் ஏறி, வரத்துக்கால் அடைபட்டு, சீமைக்கருவேலம் மண்டி, பராமரிப்பு கைவிடப்பட்டு வறண்ட இடங்கள் எத்தனையோ. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுத்தான் பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்வதை நினைவில் வைத்தாலாவது, கெட்டது எப்படி, கெடுத்தது யார் என்று கேட்கத் தோன்றும். முத்திரையாகக் குத்தினால் அந்தக் கேள்வி செத்துவிடும். உரிப்பொருளை அகப்பாட்டோடு விட்டுவிடுவதே நல்லது.

எச்சம் என்ற சொல்லை நான் மிக உயரத்தில் வைக்கிறேன். சொல்லாலோ குறிப்பாலோ கேட்பவர் நிரப்பி முடிக்க வேண்டியதாக விட்டுவைப்பது எச்சம். ‘தண்ணீர்’ கதையில் விட்டுவைக்கப்பட்டது மிகப் பெரியது. இந்திரா ரயிலில் என்ன பட்டாள்? எங்கே இறங்கினாள்? எவ்வளவு தூரம் நடந்தாள்? வழியில் தாகம் எடுத்தபோது இடுப்பில் இருந்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தாளா? கதை இதில் எதையும் நமக்குச் சொல்லவில்லை. ஆனால் நிறைகுடமும் அவளுடைய கடைசிப் பதிலும் அந்த வெற்றிடத்தின் வடிவத்தைத் துல்லியமாக வரைந்துவிடுகின்றன. நாளைக்குக் குடிக்க வேண்டுமே என்று கேட்பவள் வழியில் எத்தனை முறை கனத்தை இறக்கிவைக்க நினைத்திருப்பாள் என்பதை வாசகர் தாமே நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நடையைக் கந்தர்வன் வர்ணித்திருந்தால் நாம் அதைப் பார்த்திருப்போம், சுமந்திருக்க மாட்டோம்.

‘சஸ்பென்ஸ்’, ‘எதிர்பாராத திருப்பம்’ என்று வாரப் பத்திரிகைகள் பழக்கிய சொற்கள் இந்த இடத்தில் எவ்வளவு ஏழ்மையானவை என்று பாருங்கள். அவை மறைத்துவைத்ததை வெளிப்படுத்தும் கணத்தை மட்டுமே எண்ணுகின்றன. அவள் வந்துவிட்டாள், புதிர் அவிழ்ந்தது, முடிந்தது. எச்சம் என்றாலோ, கடைசி வரிக்குப் பிறகும் வெளிப்படாமல் நிற்பதை எண்ணுகிறோம். இந்தக் கதையை இரண்டாம் முறை படிக்க வைப்பது அதுதான். முடிவு தெரிந்த பிறகு சஸ்பென்ஸ் மிச்சமில்லை, எச்சம் மிச்சமிருக்கிறது.

தொல்காப்பியச் சொற்களின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அகப்பாட்டில் கதைசொல்லி கிடையாது. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள். எல்லாம் கூற்று. படர்க்கையில் நின்று ஒருத்தியோடு கொஞ்சதூரம் ஓடி, பிறகு இன்னொருத்தி பக்கம் நின்றுவிடும் குரலுக்கு அங்கே பெயரில்லை, தேவையும் இருக்கவில்லை. கூற்று என்ற சொல்லை நீட்டி இழுத்து இதற்குப் பொருத்தப் பார்ப்பவர்கள் உண்டு. சொல் கிழிந்துதான் போகும். நோக்குநிலையை இரவல் வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை.

ஒரே கதையை வைத்து இவ்வளவு தீர்ப்பு எழுதலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. எனவே பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் இன்னொரு பிள்ளையை, முற்றிலும் வேறு வகையான எழுத்தை வைத்துச் சரிபார்க்கிறேன். ப. சிங்காரம் (1920–1997), பிறந்த ஊர் சிங்கம்புணரி, இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடானிலும் பினாங்கிலும் நடக்கிறது. நாவலின் நாயகன் பாண்டியன் அந்நிய நகரத்துத் தெருவில் நடக்கிறான், நினைப்பு மதுரைத் தெருக்களுக்கும் சின்னமங்கலத்துக்கும் போய்விடுகிறது. நோக்குநிலை இங்கேயும் வேலை செய்கிறது: கதைசொல்லியின் குரல் எந்த இடத்தில் பாண்டியனின் மனக்குரலாக மாறுகிறது என்று தேடிப்போனால் பக்கத்துக்குப் பக்கம் புதிதாகக் கிடைக்கிறது. முதற்பொருளும் வேலை செய்கிறது. ஒரு நிலத்தின் மேல் இன்னொரு நிலம் ஏறி நிற்கும் இந்த நாவலை விளக்கத் திணைமயக்கத்தைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. எச்சம் அவ்வளவாக உதவவில்லை. கந்தர்வன் விட்டுவைப்பவர், சிங்காரம் கொட்டி நிரப்புபவர்.

வட்டார இலக்கியம் என்ற சொல் சிங்காரத்தின் முன் முற்றாகக் கைவிரிக்கிறது. எந்த வட்டாரம், மெடானா மதுரையா? தொல்காப்பியமும் ஓரிடத்தில் போதாமல் போகிறது. தமிழரின் பழம்பெருமைப் பேச்சை இந்த நாவல் போட்டு உரிக்கும் விதத்துக்கு நகை என்ற மெய்ப்பாடும் அதன் முதல் நிலைக்களனான எள்ளலும் பக்கத்தில் வருகின்றன. ஆனால் எள்ளல் ஒருவர் உள்ளத்தில் நகை பிறக்கும் காரணத்தைச் சொல்கிறது. ஒரு நூல் முழுவதும் தன் மரபையே எதிரில் நிறுத்திக் கேலி செய்யும் நிலைப்பாட்டுக்குப் பகடி என்ற புதிய சொல் தேவைப்படுகிறது.

அண்டைக் கரையிலிருந்து இன்னும் ஒன்று, சுருக்கமாக. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கடலில் தத்தளிக்கும் மூவரையும், ஆமந்துறை ஊரின் தலைமுறைக் கதையையும் மாறி மாறிச் சொல்கிறது. பின்னல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய தேர்வு வேண்டாம். காலத்தை ஏன் இப்படி வெட்டி ஒட்டினார் என்று கேட்டால் நாவல் திறக்கிறது. மையக்கருத்து என்று கேட்டால் இங்கேயும் ‘மீனவர் வாழ்வின் துயரம்’ என்ற மூன்று சொல் விடைதான் வரும்.

ஆக, தீர்ப்பு இது. நோக்குநிலையும் எச்சமும் முதல் வரிசைக்கு உரியவை. ஒன்று வந்தது, ஒன்று இருந்தது, இரண்டும் இல்லாமல் இந்தக் கரையின் கதைகளைப் பேச முடியாது. முதற்பொருள், கருப்பொருள், பின்னல் ஆகியவை இரண்டாம் வரிசை, கூட்டிப் பிரித்துப் பயன்படுத்தினால் நிறையத் தரும். பகடி போன்றவை வேண்டிய நூலுக்கு வேண்டிய இடத்தில். ஐந்து படி கோபுரம், தட்டை–முழுமைப் பிரிவினை, குறியீடு ஆகியவற்றை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்துவிடலாம். கல்லூரிக்குப் போய்ச் சந்தித்துக்கொள்ளட்டும். மண்மணத்தையும் மையக்கருத்தையும் எங்குமே வைத்திருக்க வேண்டாம் என்பேன்.

கேள்வித்தாளில் ‘இக்கதை உணர்த்தும் கருத்தை எழுதுக’ என்று இருக்கும் இடத்தில் வேறு இரண்டு கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். இந்திரா ரயிலில் போனபோது கதைசொல்லி எங்கே இருந்தார், ஏன் அங்கே இருந்தார்? கதையில் சொல்லப்படாமல் விடப்பட்ட ஒன்றைக் குறிப்பிட்டு, அதை நீங்கள் ஊகிக்கக் கதைக்குள் உள்ள சான்றுகளைத் தருக. இந்த இரண்டுக்கும் கையேட்டில் விடை அச்சடிக்க முடியாது, பிள்ளைகள் கதையைத் திறந்துதான் ஆக வேண்டும். முதுகுளத்தூரிலோ கடலாடியிலோ தண்ணீர் சுமந்து பழகிய வீட்டிலிருந்து வரும் பெண் இரண்டாம் கேள்விக்கு எழுதும் விடை, அந்த விடைத்தாளைத் திருத்துகிறவருக்கும் தெரியாத எதையாவது சொல்லிக்கொடுக்கும்.